நாற்பது கேள்வியும் ஓர் ஆயாக் கொட்டகையும்

சமூகப்பணி ஆய்வில் மாட்டித் தவித்தவர்களுக்குத் தெரியும்: தலைப்பு சுலபமாகக் கிடைத்துவிடும், எந்த முறையில் ஆராய்வது என்று முடிவெடுப்பதற்குள்தான் உயிர் போகும். எண்பதுகளில் மலேசியாவின் ஈப்போவில், சிலிபினிலிருந்து பஸ் ஏறி, சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். பால்வெட்டும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஏன் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விடுவதில்லை? இதுதான் என் ஆய்வு.

எல்லாவற்றுக்கும் ஆமா

எண்களை மட்டுமே நம்பிய காலம். நாற்பது கேள்விகளைத் தட்டச்சு செய்துகொண்டு தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் ஏறி இறங்கினேன். கொட்டகை சுத்தமா? ஆமா. ஆயா நல்லவரா? ஆமா. கொட்டகையிலோ ஒரு பிள்ளைகூட இல்லை! கடைசி வீட்டு லெட்சுமி அக்கா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு சிரித்தார்.

"எந்தப் பதிலு வேணும்னு சொல்லு தங்கச்சி, அதையே சொல்றேன்லா."

பெரட்டு

தாள்களைப் பைக்குள் திணித்தேன். கூடவே இருந்து பார்க்கும் முறைக்கு மாறி, அக்கா வீட்டிலேயே தங்கினேன். விடியுமுன் அவரோடு பெரட்டுக்குப் போனேன். பேர் கூப்பிடும் வரிசையில் நின்றபோது கண்ணில் பட்டது, எதிரே கொட்டகைக் கதவில் பூட்டு! பெரட்டு ஐந்தரைக்கு, கொட்டகை திறப்பது ஏழுக்கு. பெரட்டிலிருந்து நேரே பால்வெட்டப் போகும் அக்காவால் ஏழுக்குத் திரும்பி வர முடியாது; குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவருடைய ஒன்பது வயது மூத்த மகள் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டாள். ஏன் அக்கா இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ மணி கேக்கவே இல்லியே."

ஈப்போ கோப்பிக் கடையில்

என் விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர், கறாரானவர். நான் மூச்சு விடாமல் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்து, கோப்பியை ஆற்றினார்.

"ஒரு பூட்டை வைச்சு ஆய்வு எழுத ஏலாது, பிள்ளை."

அக்கா கேட்ட ஒரே கேள்வி

தோட்டத்துக்குத் திரும்பி அதைச் சொன்னதும் லெட்சுமி அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ எழுது, நான் கேக்குறேன்" என்று கிளம்பினார். வீடு வீடாக ஒரே கேள்வி: கொட்டகையை எத்தனை மணிக்குத் திறந்தால் பிள்ளையை விடுவாய்? எல்லா வீட்டிலும் ஒரே பதில், ஐந்து. அந்தத் தாளோடு பெண்கள் எல்லாரும் தோட்ட மேலாளரான தொரையின் ஆபீசு முன்னால் நின்றார்கள். நானும் பின்னால் நின்றேன். கணக்கு எழுதும் கிராணி மலாயில் சொல்லச் சொல்ல, தொரை தலையாட்டினார். திங்கட்கிழமை ஐந்து மணிக்குக் கொட்டகை திறந்தது. மூத்தவள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். நாற்பது கேள்வி, கூடத் தங்கிப் பார்த்தது, அக்காவின் ஒரே கேள்வி எல்லாவற்றையும் நான் எழுதிக் கொடுத்ததை விரிவுரையாளர் இரண்டு தடவை படித்தார்.

"மூண்டு முறையையும் கலந்து அடிச்சிருக்கிறீர், இதுக்குப் பேர் என்னெண்டு தேர்வாளருக்குச் சொல்லுவீர்?"

ஆய்வு முறையைத் தேர்ந்தெடுத்தது லெட்சுமி அக்கா அல்ல, நான்தான் என்று முதல் பக்கத்தில் எழுதினேன், அதையும் தேர்வாளர்கள் நம்பிவிட்டார்கள்.