ரெண்டு பேர் இருந்தாத்தான் வர்ற கோளாறு

சனிக்கிழமை. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்ல நானும் லேப்டாப்பும்.

ஆபீஸ் வெப்சைட்ல ஒரு கோளாறு. ஒருத்தர் உள்ளே இருக்கும்போது இன்னொருத்தர் லாகின் பண்ணினா, முதல் ஆளோட ஸ்கிரீன்லயும் ரெண்டாவது ஆளோட பேர் வந்துடுதாம். காலையிலேர்ந்து பாக்கறேன், எனக்கு வரவே இல்லை.

கூட வேலை பாக்கற குப்தாஜிக்கு போன் பண்ணினேன். சிரிச்சார்.

"மேடம், தனியா இருந்தா எப்படி வரும்? வீட்ல யாரையாவது லாகின் பண்ணச் சொல்லுங்க, ஜல்தி!"

"அச்சா"ன்னு சொல்லி போனை வெச்சுட்டேன்.

இன்னொரு பிரவுசரைத் திறந்து நானே கமலாங்கற பேர்ல உள்ளே போனேன். உடனே என் ஸ்கிரீன்லயும் "வணக்கம், கமலா". எல்லார் பேரையும் சர்வர்ல ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன், மடச்சி! ஆளுக்கொரு செஷனா, தனித்தனி இடமாப் பிரிச்சேன். சரியாயிடுச்சு.

என் பிரவுசர் ஜன்னல்லயே வேலையா இருந்துட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா கமலாவைக் காணோம். இருபது நிமிஷம் பேச்சுமூச்சில்லாம இருந்தா வெளியே அனுப்பிடணும்னு எழுதி வெச்சதும் நான்தான்.

இனிமே சோதிக்க ஒண்ணுமில்லை. ஆனாலும் கமலாவை மறுபடி லாகின் பண்ணி உட்கார வெச்சிருக்கேன்.

இப்போ உள்ளே ரெண்டு பேர்னு சர்வர் சொல்லுது. குப்தாஜிகிட்ட யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க.