ஃபின்லாந்து லேபிளில் ஒரு சொல்

ஏற்றுமதிக் கம்பெனியில் லேபிளும் சான்றும் எழுதுகிறவனை யாரும் எழுத்தாளன் என்று சொல்லமாட்டார்கள், தப்பு வந்தால் மட்டும் "இதை எழுதினது யாரு?" என்று தேடி வருவார்கள். நீங்களும் பேப்பரில் கையெழுத்துப் போட்டே பிழைக்கிறவர் என்றால் நான் விளக்க வேண்டியதில்லை. திருப்பதியிலிருந்து தினமும் பஸ் பிடித்து, சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ்க் கம்பெனிக்குப் போகிறேன். இந்த சீசனில் முதல்முறையாக ஃபின்லாந்து ஆர்டர் வந்தது. லேபிளும் தரச் சான்றும் அவர்கள் மொழியிலும் வேண்டுமாம்.

கம்ப்யூட்டர் கொடுத்தது

எங்கள் ஆங்கிலச் சான்றில் வருஷக்கணக்காக ஒரு வரி உண்டு: 'சவுண்ட்' மாம்பழத்தில் தயாரித்தது. அது என்ன சவுண்ட் என்று நான் யாரையும் கேட்டதில்லை. கம்ப்யூட்டரில் போட்டேன், ஒரு ஃபின்னிஷ் வார்த்தை வந்தது. அதைச் சரிபார்க்க ஃபின்லாந்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் ரித்வா அம்மாவுக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்புவதற்குள் மெயில் வந்திருந்தது.

"நீங்கள் அனுப்பியது சத்தத்துக்கான வார்த்தை. ஆங்கிலத்தில் 'சவுண்ட்' என்ற ஒரே சொல்லுக்குச் சத்தம், ஜலசந்தி, ஆழம் பார்ப்பது, கெடாத பொருள் என்றெல்லாம் அர்த்தம் உண்டு. எங்களிடம் எல்லாவற்றுக்கும் தனித்தனி வார்த்தை. உங்கள் பழம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்."

பெல்ட்டில் கேட்டது

பழம் தரம் பிரிக்கிற பெல்ட்டுக்குப் போனேன். கங்காதர நெல்லூரிலிருந்து வரும் கஸ்தூரியக்கா தோத்தாபுரி மாம்பழங்களை ஒவ்வொன்றாகக் காம்புப் பக்கம் அழுத்திப் பார்த்து, ஆகாததைக் கூடையில் வீசிக்கொண்டிருந்தார். நல்ல பழம் என்றால் எது என்று கேட்டேன். அழுகல் இல்லை, புழு இல்லை, அடிபட்டுக் கறுக்கவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

"இன்னா சார், எட்டு வருசமா பொறுக்கிக்கினு கீறேன், இன்னிக்கித்தான் வந்து கேக்கறீங்க. எம்புள்ளைக்கு எத துன்னக் குடுப்பனோ, அதான் நல்ல பழம். எழுதிக்கோங்க."

கையெழுத்து

ரித்வா அம்மா சரியான வார்த்தையை அனுப்பினார். அதற்கு 'அழுகல், புழு, அடி இல்லாத பழம்' என்று மட்டுமே பொருள், பொறுப்பாளர் கையெழுத்துப் போடவேண்டும் என்றும் எழுதியிருந்தார். அன்றைக்குப் பார்த்து, காற்றில் உதிர்ந்து அடிபட்ட காய் மூன்று லாரி வந்து நின்றது. அதையும் ஃபின்லாந்து ஆர்டரில் ஓட்டச் சொன்னார் மேனேஜர். எனக்குப் பயமாக இருந்தது. சீசன் முடிந்ததும் என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்கிறவர் அவர்தான். கொஞ்சம் நெளிவுசுளிவான வார்த்தை கிடைக்குமா என்று ரித்வா அம்மாவைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"இருக்கிறது. 'தரையில் விழுந்த பழம்' என்பதற்கும் எங்களிடம் ஒரு வார்த்தை உண்டு. அதைப் போடட்டுமா?"

மெயிலை மேனேஜர் முன்னால் வைத்து, பேனாவையும் நீட்டி, "நீங்களே போட்டுடுங்க சார்" என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு தைரியமாக நான் பேசியதில்லை. அவர் பேனாவைத் தொடவில்லை.

"சரேலே பாபு, சரி விடு, மூணு லாரியையும் லோக்கல் ஆர்டர்ல ஓட்டிடு. நம்மாளுங்களுக்கு இங்கிலீஷே போதும்."

அப்படியே ஓட்டினோம், அந்த லோக்கல் சான்றில் இன்றைக்கும் 'சவுண்ட்' என்றுதான் இருக்கிறது, கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.