கழுதை என்று எழுதச் சொன்னார்கள்

நான் போக்கர் ஆடுகிறேன். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கும் போகிறேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் பாளையங்கோட்டையில் பாதிப் பேர் ஒரு நொடி திகைப்பார்கள். திகைக்கட்டும்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பெருமாள்புரத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் மாடி அறையில் எட்டுப் பேர் கூடுவோம். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் ஐந்து சீட்டு, ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை. கொட்டை தீர்ந்தவர் எழுந்துபோய் டீ போட வேண்டும். கடைசிவரை உட்கார்ந்திருப்பவர் டம்ளர் கழுவ வேண்டாம். எங்கள் டோர்னமென்ட் இவ்வளவுதான். காசே கூடாது என்று முதல் நாள் சட்டம் போட்டவள் மேலப்பாளையத்துத் தோழி. "காசு வச்சா ஹராம், நான் வரல. கொட்டைன்னா சொல்லு, உங்க எல்லாரையும் டீ போட வைக்கேன்" என்றாள். சொன்னபடி போட வைக்கவும் செய்தாள்.

போக்கரில் எனக்குப் பிடித்தது பிளஃப். கையில் ஒன்றுமே இல்லாமல், ராணி ஜோடி வைத்திருப்பவள் மாதிரி கொட்டைகளை முன்னே தள்ளுவது. முதல் மாதம் முழுக்க என்னால் அது முடியவில்லை. ஞாயிறு பள்ளியில் வளர்ந்த உடம்பு. பொய் என்றால் காது சிவந்துவிடும். நான் கொட்டையைத் தள்ளினால் இவளிடம் உண்மையிலேயே இருக்கிறது என்று எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார்கள். எவ்வளவு நல்ல சீட்டு வந்தாலும் எனக்குக் கிடைத்தது நாலு கொட்டை. பிறகுதான் யோசித்தேன். ஏமாற்றலாம் என்று எட்டுப் பேரும் சம்மதித்து உட்காரும் மேஜை இது. பத்து வயதில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நான் ஏரோது ராஜா, குழந்தைகளைக் கொல்லச் சொல்லி உத்தரவிட்டேன், சபையே கைதட்டியது. அப்போது பாவமாகாதது இப்போது எப்படி ஆகும்? அடுத்த ஆட்டத்திலேயே பிளஃப் செய்தேன். காது சிவக்கவில்லை.

ஜெபத்தில்தான் வழுக்கினேன். ஒருமுறை கடைசிச் சீட்டைத் திறக்கும் முன் "ஆண்டவரே, ஒரே ஒரு டைமன் சீட்டு" என்று உள்ளுக்குள் கேட்டுவிட்டேன். வந்தது. எதிரே இருந்த மேலப்பாளையத்துக்காரி கொட்டையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டு டீ போடப் போனாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளைத் தோற்கடிக்கச் சொல்லியல்லவா கேட்டிருக்கிறேன். அன்றோடு மேஜையில் ஜெபத்தை நிறுத்தினேன். ஆனால் அதே வெட்கம் ஆலயத்தில் யாருக்கும் வரக் காணோம். பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கிடைத்தது, ஸ்தோத்திரம் என்று சாட்சி சொல்கிறார்கள். கிடைக்காத பிள்ளையின் அம்மாவும் முழங்காலில்தானே நின்றிருப்பாள்? வந்த சீட்டை நேர்மையாக ஆடப் பெலன் தாரும் என்று கேட்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

தோழி ஒரு நாள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டாள். இரண்டு சீட்டைத் தூக்கிப் பிடித்து நான் பல்லைக் காட்டுகிற படம். அது ஆலய நிர்வாகம் பார்க்கும் சேகரக் கமிட்டிக்குப் போயிற்று. நான் ஞாயிறு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். இந்த வருஷம் பதினோரு பேர், கேள்வி கேட்டே ஆளைக் கொல்லும் பதினோரு பேர். சீட்டாடுகிறவளிடம் அவர்களை விடலாமா என்று பேச்சு கிளம்பியது. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். போனில் ரம்மி ஆடி வீட்டையே விற்ற ஒருவர் எங்கள் சபையிலேயே உண்டு. கூப்பிட்டதும் போனேன்.

ஆராதனை முடிந்து, ஆலயத்தை ஒட்டிய சின்ன அறையில் ஆறு பேர் இருந்தார்கள். ஹார்டுவேர் கடை அண்ணாச்சி ஆரம்பித்தார்.

"இன்னைக்குப் புளியங்கொட்டை. நாளைக்கு என்னத்த வைப்ப, கம்மலையா?"

கொட்டைக்கே அடிதடி நடக்கிறது, கம்மல் வரைக்கும் போகாது அண்ணாச்சி என்றேன். அவரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

குருவானவர் நல்லவர். என்மேல் பிரியமுள்ளவர். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"லீவுல எல்லார் வீட்லயும் பிள்ளைக கழுதை விளையாடத்தான் செய்யுது. நானும் கழுதைதான் விளையாடினேன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. வகுப்பு உனக்கே."

கழுதை சின்னப் பிள்ளைகளின் சீட்டு விளையாட்டு. கடைசியில் கையில் சீட்டு மிஞ்சுகிறவர் கழுதை. அதில் பாவமில்லை என்று சபை எப்போதோ முடிவு செய்துவிட்டது.

"அது கழுதை இல்லய்யா. போக்கர்."

"எனக்குத் தெரியும்மா. எழுதத்தான் சொல்லுதேன்."

ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. அறையில் எல்லோருக்கும் உண்மை தெரியும், எல்லோரும் சம்மதிக்கிறார்கள், அப்புறம் இதுவும் ஒரு பிளஃப்தானே? ஆனால் அந்தத் தாள் அறையோடு நிற்காது. பதினோரு வீட்டுக்குப் போகும். அந்த வீடுகளில் யாரும் இந்த ஆட்டத்துக்குச் சம்மதித்து உட்காரவில்லை.

எழுதினேன். நான் ஆடியது போக்கர். காசு வைப்பதில்லை. இதில் பாவம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. வருகிற சனிக்கிழமையும் ஆடுவேன். கடைசி வரி வேண்டாததுதான், ஆனால் எழுதும்போது ருசியாக இருந்தது.

அண்ணாச்சி அதை உரக்க வாசித்தார். குருவானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பு போயிற்று. பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் அம்மா, "ஒரு வரிதானட்டி, எழுதுனா தேஞ்சா போயிருவ?" என்று சோற்றைப் போட்டாள். தோழி, நான் வந்து உங்க ஆளுககிட்ட பேசட்டுமா என்று கேட்டாள். இது எங்கள் வீட்டுச் சண்டை, நீ டீ போடப் பழகு என்றேன்.

அடுத்த ஞாயிறு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்தார்கள். நான் காலை நீட்டிக்கொண்டேன். இராப்போஜனத்துக்கு முழங்காலிட்டபோது குருவானவர் என் கையில் அப்பத்தை வைத்தார், எல்லோருக்கும் வைப்பதுபோல.

வெளியே என் வகுப்புப் பெண் ஒருத்தி மறித்தாள்.

"அக்கா, கழுதைன்னு எழுதியிருந்தா நீங்களே வந்திருப்பீங்களாம். ஏன் எழுதல?"

"அது கழுதை இல்லட்டி."

அவள் புது ஆசிரியையின் வகுப்புக்கு ஓடினாள். கதவு சாத்தும்வரை நின்றேன். உள்ளே பாட்டு தொடங்கியது. வலித்தது. அதற்காக அந்தத் தாளைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை.