இறக்கத்தில் நடப்பவர்

பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் போகும் சைக்கிள் சுற்றுலாக்காரர்களுக்கு லோகேஸ்தான் வழிகாட்டி. ஏற்றத்தில் முழங்கால் வலித்தாலும் இறங்கமாட்டார். பெரகலயைத் தாண்டி, மீரியபெத்த மலை தெரியும் வளைவில், நல்ல இறக்கத்தில் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பார்.

இன்றும் நடந்தார். "என்னண்ணே, இறக்கத்துலயுமா களைச்சிட்டீங்க?" என்று கொழும்பு இளைஞன் ஒருவன் சிரித்தான்.

"ஆமாங்க தம்பி. நீங்க முன்னால போங்க."

அவன் போகவில்லை. எதிர்மலையின் பச்சையைப் படம் பிடித்தான். மண்சரிவில் புதைந்த, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் அந்தப் பச்சைக்கு அடியில்தான் இருக்கிறது. லோகேஸின் மனைவியும் அங்கேதான், தோண்டியும் கிடைக்கவில்லை. இடுகாட்டைச் சைக்கிளில் உட்கார்ந்தபடி கடப்பது அவர்கள் தோட்டத்தில் வழக்கமில்லை.

இதைச் சொன்னால் அவன் முகம் வாடும், கேள்வி கேட்பான், லோகேஸ்தான் அவனைத் தேற்றவேண்டும். அதற்கு அவரிடம் தெம்பில்லை. களைப்பு என்றால் முடிந்தது. அது பொய்யும் இல்லை.