அதே பெயரில் எழுதிய கோப்பு

"இந்த ஃபைலெல்லாம் அதே பேர்ல திரும்பத் திரும்ப எழுதுறியா, இல்ல ஒவ்வொரு வாட்டியும் புதுப் பேரா?" மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து, என்னுடன் வேலை பார்த்த அக்கா கேட்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "புதுப் பேருதாங்கா" என்றேன். அப்போது மதியம் பன்னிரண்டு இருக்கும். கீழே எங்கள் பாத்திரக் கடையில் யாரோ அண்டாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு பதிலை நான் பலமுறை மனத்துக்குள் திருத்திச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

சென்னை அலுவலகம் எங்களை ஊரிலிருந்தே வேலை செய்யச் சொல்லியிருந்த காலம் அது. அக்கா வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்கு முன் வேறு இடத்தில் வேலை பார்த்த அனுபவம் இருந்தது. மேல்மலையனூர் சாலையில் ஒரு சிற்றூர் அவருடையது. அங்கே இணையம் சரியாக வராது என்பதால், செஞ்சிக் கடைத்தெருவில் எங்கள் கடை மாடி அறைக்குத் தினமும் பஸ்ஸில் வந்துவிடுவார். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் அமாவாசைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காத நாளில்கூட எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். அம்மாவும் அப்பாவும் அப்போதும் பிறர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வேலை நிரந்தரமாவதை வீடே எதிர்பார்த்திருந்தது.

பல ஊர் ரத்த வங்கிகளில் எந்த வகை ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அரை மணிக்கு ஒருமுறை மருத்துவமனைகளுக்குக் காட்டும் பட்டியல்தான் எங்கள் பொறுப்பு. அது திறக்க மிகவும் நேரமாகிறது என்று புகார் வந்துகொண்டிருந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் அக்கா. ஒவ்வொரு முறை பட்டியல் கேட்கும்போதும் எங்கள் தரவு எஞ்சின், அதாவது கோப்புகளைப் படித்துப் பட்டியலைத் தரும் மென்பொருள், ஆயிரக்கணக்கான இருப்புக் கோப்புகளைப் புதிதாகத் திறந்துகொண்டிருந்தது. ஒருமுறை திறந்ததை மூடாமல் சில மணி நேரம் கையிலேயே பிடித்து வைத்திருக்கும்படி அமைத்தால் வேகம் கூடும். அதில் ஆபத்து ஒன்றுதான். பழைய கோப்பை அழித்துவிட்டு அதே பெயரில் புதியதை எழுதினால், எஞ்சின் தன் கையிலிருக்கும் பழையதையே படித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் என்னைக் கேட்டார். கோப்புகளை எழுதும் நிரல் என்னுடையது. இடம் மிச்சமாகட்டும் என்று, ஒரு மாதத்துக்கு முன்புதான் நானே அதை ஒரே பெயரில் எழுதும்படி மாற்றியிருந்தேன். அக்கா கேட்டபோது அது நினைவுக்கு வரவில்லை. திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆறு மணி நேரம் பிடித்து வைக்கும்படி அக்கா அமைத்தார். பட்டியல் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் ஒரு மருத்துவமனை கடிதம் அனுப்பியது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்காக, பட்டியலை நம்பி அவள் கணவரைத் திண்டிவனத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே இருப்பதாகப் பட்டியல் காட்டிய இரண்டு பாட்டில்களும் காலையிலேயே போய்விட்டிருந்தன. அங்கிருந்து விழுப்புரத்துக்கு ஓடி வாங்கிவர மூன்று மணி நேரம் வீணானது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். கடிதத்தில் அந்தக் கணவன் மனைவி பெயரும், சீயமங்கலம் பக்கத்தில் அவர்கள் ஊரும் இருந்தன.

அன்று எல்லோரும் இருந்த அழைப்பில் மேலாளர், "இந்த செட்டிங்க மாத்துனது யாரு?" என்று கேட்டார். "நான்தான் சார். ஃபைல் எப்படி எழுதுறாங்கன்னு நானே பாத்திருக்கணும், பாக்கல" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பவில்லை. என் மைக் மூடியிருந்தது. நான் திறக்கவில்லை. அழைப்பு முடிந்ததும் அக்கா பிடித்து வைக்கும் நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்தார். பிறகு, "நீ ஒவ்வொரு வாட்டியும் புதுப் பேர்ல எழுதுற மாதிரி மாத்திடு. பழசு போச்சுன்னு எஞ்சினுக்கும் சொல்லிடணும்" என்று மட்டும் சொன்னார். மாற்றினேன். மதியம் என் அப்பா, நைனா, வழக்கம்போல கடையிலிருந்து வந்து மாடிப்படியில் நின்று, "ரெண்டு பேரும் சாப்டீங்களா?" என்று கேட்டபோது, ஆயிற்று என்று பொய் சொன்னேன்.

அக்காவின் பணி நிரந்தரத்தை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். அதைக் கேட்ட பிறகும் இரண்டு நாள் நான் பேசவில்லை. கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. யாருக்கும் தெரியாத ஒன்றை நாமே சொல்வானேன் என்ற சாதாரணக் கோழைத்தனம்தான். எதிரே அவர் எப்போதும்போல உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்க்கத்தான் முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில், அன்று அக்கா கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் அப்படியே எழுதி மேலாளருக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகு அக்காவிடம் காட்டினேன். முழுவதும் படித்தார். "எனக்குக் கோவம் இருந்துது. இப்பவும் கொஞ்சம் இருக்குது" என்றார். பிறகு, "அவங்க வீட்டுக்குப் போனியா?" என்று கேட்டார். யார் வீட்டுக்கு என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தள்ளிவைத்ததை ரத்துசெய்து அவரை நிரந்தரமாக்கினார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்று அவர் சென்னையில் ஒரு குழுவை நடத்துகிறார். நான் அதே மாடியிலிருந்து மற்றவர்கள் எழுதும் மாற்றங்களைச் சரிபார்க்கிறேன். யாராவது ஏதாவது கேட்டால், திறந்து பார்க்காமல் பதில் சொல்வதில்லை.

அக்கா அப்படிக் கேட்ட அந்த வார ஞாயிற்றுக்கிழமையே சீயமங்கலம் பஸ் பிடித்தேன். விசாரித்துப் போனபோது அந்தக் கணவர் வாசலில் குழந்தைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே குழந்தை அழும் சத்தமும், அதைச் சமாதானப்படுத்தும் ஒரு பெண்ணின் குரலும் கேட்டன. செஞ்சியிலிருந்து வருகிறேன், அந்த ரத்தப் பட்டியல் விஷயமாக, என்று தொடங்கினேன். அவர் துணியைக் கொடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பத்து நாளைக்கு முன்னாடியே ஒரு அம்மா வந்து எல்லாம் சொன்னாங்க" என்றார். "ரெண்டு பேரு பண்ண தப்புன்னாங்க. இன்னொருத்தரும் கண்டிப்பா வருவாங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. நீங்கதானா?"