மறுநாள் மதியம் வந்து உட்கார்ந்தவர்

குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது ஷபீர் சாரின் போன் வந்தது. வாணியம்பாடியில் கல்லூரி ஆசிரியர், நம் வாசகர் வட்டத்தைக் கூட்டுபவர். எப்போதும் புத்தகத்தில்தான் பேச்சைத் தொடங்குவார். அன்று, "சாந்தி, எஸ்தர் போய்ட்டாங்கம்மா. தூக்கத்துலயே" என்றார். வேறு யாரோ ஓர் எஸ்தர் என்று நினைக்கப் பார்த்தேன். கடைக்காரர் விலையைக் குறைத்துக்கொண்டே போனார். நான் ஒன்றும் வாங்காமல் பஸ் ஏறினேன்.

வட்டத்து நண்பர்களே, உங்களுக்குத் தெரிந்த எஸ்தர் அக்கா வாய் ஓயாமல் வாதாடுகிறவர். நாம் சேர்ந்து படித்த அந்தப் பழைய நாவலை மறந்திருக்க மாட்டீர்கள். ஊர்ப் பெரியவரின் மகன் செய்த கொலையைப் பார்த்ததாக ஒரு பரிசல்காரன் கோர்ட்டில் சாட்சி சொல்கிறான். ஊரே கோபித்துக்கொண்டு, அவன் பரிசலில் ஏறாமல் சுற்று வழியில் போகிறது. அவனோ தினமும் காலையில் கரைக்கு வந்து நிற்கிறான். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் அன்று நடந்த சண்டையை எப்படி மறப்பது? சாட்சிக் கூண்டுக் காட்சிதான் நாவலின் உச்சம் என்றார் ஷபீர் சார். அக்கா விடவில்லை.

"கூண்டுல ஏர்றது ஒரு நாள் வேலை சார். மறுநாள் அதே ஜனங்க மூஞ்சில முழிக்கணும் பாருங்க, அதான் பேஜாரு. தைரியம் அங்கதான் வேணும்."

"அவன் பொழப்புக்கு வந்து நிக்கறான்க்கா. வேற எங்க போவான்?" என்று நான் மடக்கினேன். "நீ இன்னும் அந்தக் கரைல நின்னதில்லடி" என்று சிரித்தார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அக்காவும் நானும் ஒரே ஷூ தொழிற்சாலை. பசை ஒட்டும் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். காற்றை வெளியேற்றும் ஃபேன் ஓடாமல், பசை நெடி தாங்காமல், ஒரு நாள் நான் மயங்கி விழுந்தேன். சாப்பிடாமல் வந்ததால் மயக்கம் என்று எல்லோரும் சொல்ல வேண்டும் என்றார்கள் நிர்வாகத்தினர். வியாதியை மறைத்தவள் என்று என்னை வீட்டுக்கு அனுப்பவும் பேச்சு நடந்தது. எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்தவர் அக்காவைக் கேட்டார். "ஃபேன் ஓடல சார். நான் சொல்லிக்கினேதான் இருந்தேன்" என்றார் அக்கா. சொல்லி முடிக்கும்வரை மேஜை விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பயப்படாதவர் என்று அவரைப் புகழ்ந்தால் அது பொய்.

என் வேலை தப்பியது. ஆனால் ஃபேன் சரியாகும்வரை பிரிவை மூடினார்கள், கிறிஸ்துமஸ் நேரத்து ஓவர்டைம் எல்லோருக்கும் போயிற்று. கோபம் முழுக்க அக்காவின் மேல் திரும்பியது.

எங்கள் பிரிவில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். சோறு அவரவர் மடியில், குழம்பும் பொரியலும் திறந்து நடுவில். யார் டப்பாவிலும் யாரும் கைவைக்கலாம். ஒருத்தியின் டப்பாவைத் தொடாமல் விட்டால், அவளிடம் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. பிரிவு திறந்த அன்று மதியம், அக்கா தன் வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்து கத்திரிக்காய்த் தொக்கை நடுவில் வைத்தார். "உப்பு கம்மியா இருந்தா சொல்லுங்கடி" என்றார். என் கையைத் தவிர வேறு கை நீளவில்லை. மறுநாளும் வைத்தார். அதற்கடுத்த நாளும் வைத்தார். மிஞ்சியதை மூடி எடுத்துக்கொண்டு போகும்போது பஸ்ஸில் அழுதார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வேற எடத்துல ஒக்காந்து சாப்டலாம் வாக்கா" என்றேன்.

"நான் ஏன்டி எழுந்து போவணும்? போய்ட்டா அவங்க கோவம் அப்டியே கெட்டியாய்டும். எதுர்லயே இருந்தா எவ்ளோ நாளு மூஞ்சத் தூக்கி வெச்சிப்பாங்க?" மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவங்களும் பாவம், பண்டிக நேரம்" என்றார்.

கடைசியில் நவநீதம்தான் கை நீட்டினாள். எல்லோரையும்விட அதிகம் திட்டியவள் அவள். ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னா எஸ்தரு, புளி ஜாஸ்தி" என்றாள். "அப்ப நாளைக்கி நீ கொண்டா" என்றார் அக்கா. யாரோ களுக்கென்று சிரிக்க, மற்றக் கைகளும் வந்தன. அன்று டப்பா காலியாகத்தான் வீட்டுக்குப் போனது. கல்லறையில் முதல் பிடி மண் போட்டுவிட்டு விம்மி அழுததும் அதே நவநீதம்தான்.

அக்கா ஓய்வு பெற்றபின் அவர் இடத்தில் இப்போது நான் இருக்கிறேன். நேற்று, அளவு தவறிய தோலுக்காக என் பிரிவுப் பெண்ணொருத்தியை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தார்கள். தவறு வெட்டும் பிரிவில் நடந்தது என்று எழுந்து சொன்னேன். அந்தப் பிரிவின் சூப்பர்வைசர் நவநீதம். பிரிவு வேறானாலும் நாங்கள் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். நேற்று மாலை அவள் என்னைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டாள்.

அக்கா, நீங்கள் சொன்ன கரை எது என்று இன்று தெரிகிறது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கத்திரிக்காய் வதங்கிக்கொண்டிருக்கிறது. மதியம் டப்பாவைத் திறந்து நடுவில் வைப்பேன். உப்பு கம்மியா என்று நவநீதத்தைத்தான் முதலில் கேட்பேன்.