செம்மண் கைநாட்டு

முப்பத்தெட்டாயிரத்து நானூற்றைம்பது ரூபாய். காவாந்தண்டலம் பக்கத்துச் செங்கல் சூளையில் முனிரத்தினம் வாங்கிய அட்வான்ஸ் பாக்கி. இதில் ஒரு ரூபாய்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. இனி சொல்லப்போவதிலும் அப்படித்தான்.

நானும் அவனும் ஜோடியாகக் கல் அறுத்தோம். சாயங்காலம் மேஸ்திரி கிருஷ்ணசாமி எண்ணிக்கையை நோட்டில் எழுதுவார். நாங்கள் இடது கட்டைவிரலை மையில் தொட்டுக் கைநாட்டு வைப்போம். நாற்பத்து மூன்று வயதில் நான் ராத்திரிப் பள்ளியில் எழுத்துக் கற்றேன். அதுதான் வினை. அந்தச் செவ்வாய்க்கிழமை நோட்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன்.

“இன்னா மச்சான் போட்டுகீது?” என்றான் முனிரத்தினம்.

“ஆயிரத்து இருநூறு அறுத்தோம். எண்ணூறுன்னு கீது.”

அவன் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தான். மேஸ்திரி மம்பட்டிக் காம்பால் அவன் வாயிலேயே அடித்தார். பல் தெறித்துச் சேற்றில் விழுந்தது. விலக்கிவிட்டோம். பக்கத்தில் சூளை எரிந்துகொண்டிருந்தது.

காலையில் ஆளைக் காணோம்.

“ஓடிட்டான்டா உன் கூட்டாளி,” என்றார் மேஸ்திரி. “அவன் கடன் இனிமே உன் தலையில.”

வெள்ளிக்கிழமை. கோடை மழை. மணி நாலு பத்து. கொட்டகையில் நானும் மேஸ்திரியும் மட்டும். நோட்டைத் தூக்கிப் போட்டார்.

“நாட்டு வைடா.”

“எனக்குக் கையெழுத்தே வரும். இதுக்கு வைக்க மாட்டேன்.”

“ஓ... கலெக்டரு!”

செவிட்டில் ஒன்று விட்டார். என் மணிக்கட்டை முறுக்கி நோட்டின்மேல் இழுத்தார்.

அங்கே ஏற்கெனவே ஒரு கைநாட்டு இருந்தது. மை இல்லை. செம்மண் சேறு... ஈரம்.

தப்.

அடுத்த வரியில் இன்னொன்று.

தப்... தப்... தப்...

விரல் தெரியவில்லை. தீய்ந்த கறி வாசம் மட்டும்.

மேஸ்திரியின் முகம் மேசையில் மோதியது. யாரோ பிடரியைப் பிடித்து அடிப்பதுபோல. மூன்று முறை. மூக்கு உடைந்தது. அவர் இடது கை தானாகப் பின்னால் வளைந்தது.

படக்.

வலது கை பேனாவை எடுத்தது.

“சூளையிலதான் போட்டேன்... வுட்ரா... வுட்ரா!”

ஓடினேன். மணி நாலு பதினேழு.

ஆட்கள் வந்தபோது மேஸ்திரிக்கு உயிர் இல்லை.

சனிக்கிழமை போலீஸ் சூளையைப் பிரித்தது. முனிரத்தினம் உள்ளே இருந்தான். உடம்பெல்லாம் கரி. இடது கட்டைவிரல் மட்டும் வேகவில்லை.

அதில் ஈரச் சேறு.

ஸ்டேஷனில் நோட்டைக் கொடுத்து என்னையே படிக்கச் சொன்னார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். எண்ணூறை அடித்து, ஆயிரத்து இருநூறு. முப்பத்தெட்டாயிரத்து நானூற்றைம்பதின் குறுக்கே கோடு. கீழே, மேஸ்திரியின் கையெழுத்தில்...

பாக்கி இல்லை.